வன்னிக்குப் புதிதாக வந்தவர்களுக்கு: மின்சாமான் திருத்த நம்பகமான ஆளைத் தேடும் வழி

இடமாற்றத்தில் மல்லாவிக்கு வந்து இரண்டு மாதம்கூட ஆகவில்லை, யாழ்ப்பாணத்திலிருந்து ஏற்றிவந்த பிரிட்ஜ் ஒரு பின்னேரம் குளிர்வதை நிறுத்திவிட்டது. கதவைத் திறந்தால் உள்ளே வெளிச்சம் எரிகிறது. பின்பக்கத்தில் சில நிமிடங்களுக்கு ஒருமுறை ‘டிக்’ என்று ஒரு சத்தம், ஒரு முனகல், மறுபடி ‘டிக்’. சந்தியில் விசாரித்து ஒருவரை அழைத்துவந்தேன். அவர் பின்னால் கைவைத்துப் பார்த்தார், சுட்டது. “கொம்பிரசர் போய்விட்டது, புதிது போடவேண்டும்” என்றார். எங்கள் வீட்டில் அவர் நின்ற நேரம் மொத்தம் ஐந்து நிமிடம்.

எனக்கு மனம் கேட்கவில்லை. ஒரு பட்டா (சின்ன லொறி) பிடித்து, பிரிட்ஜை நிமிர்த்திக் கட்டி, மாங்குளம் சந்தியில் ஏ9 வீதிக்கு ஏறி, கிளிநொச்சிக்குக் கொண்டுபோனேன். முறிகண்டியில் சாரதி வண்டியை நிறுத்திக் கற்பூரம் கொளுத்தினார், ஒரு பை கச்சானும் வாங்கினார். அந்த வழியால் போகிற எந்த வாகனமும் பிள்ளையாருக்குச் சொல்லாமல் போவதில்லை. பிரிட்ஜுக்கும் அந்த அருள் கிடைத்தது என்று வைத்துக்கொள்ளுங்கள்.

கிளிநொச்சிக் கடையிலிருந்த அண்ணை பிரிட்ஜில் கைவைக்கவே இல்லை. கேள்விதான் கேட்டார். எத்தனை மணிக்கு நின்றது? அந்த நேரத்தில் வீட்டு பல்புகள் மங்கலாக எரிந்தனவா? பிரிட்ஜைச் சுவரில் உள்ள சொக்கெற்றில் நேரே குத்தியிருக்கிறீர்களா, அல்லது நீட்டுவயரிலா? கிட்டடியில் மின்னல் அடித்ததா? நான் சொன்னதையெல்லாம் கேட்டுவிட்டு, தன் கடைச் சொக்கெற்றில் குத்தி சுவிட்சைப் போட்டார். பிரிட்ஜ் ஓடியது. அரை மணி நேரத்தில் உள்ளே கைவைத்தால் குளிர்ந்தது. “தம்பி, பிரிட்ஜுக்கு ஒரு வருத்தமும் இல்லை. உங்கள் வீட்டு மின்சாரத்துக்குத்தான் வருத்தம்” என்றார். காசு வாங்க மறுத்துவிட்டார். பட்டாக் கூலிதான் என் தண்டம்.

அன்றிலிருந்து நான் திருத்துநரை எடைபோடுவது ஒரே ஒரு விதத்தில்தான்: மூடியைக் கழற்றுவதற்கு முன் அவர் என்ன கேட்கிறார்? கீழே சொல்வதெல்லாம் அந்த ஒன்றைச் சுற்றித்தான்.

முதல் வேலை: ஆளைக் கூப்பிட முன் வீட்டைப் பாருங்கள்

இலங்கையில் வீட்டு மின்சாரம் 230 வோல்ற்று. அதிலிருந்து 6 சதவீதம் கூடவோ குறையவோ இருக்கலாம் என்பது கணக்கு. ட்ரான்ஸ்போமருக்குப் பக்கத்து வீட்டுக்கு அது சரிவரும். கம்பி வயல் கடந்து, குளக்கட்டுக் கடந்து, கடைசி வீட்டுக்கு வரும்போது கதை வேறு. பொழுதுபட்டு எல்லா வீட்டிலும் விளக்கும் குக்கரும் மோட்டரும் ஓடுகிற நேரத்தில் வோல்ற்றளவு இறங்கும். பல்பு அதைப் பொறுத்துக்கொள்ளும், மங்கி எரியும். பிரிட்ஜின் கொம்பிரசர் பொறுக்காது. கிளம்பப் பார்க்கும், முடியாது, சூடேறும், காவலுக்கு இருக்கும் சுவிட்ச் அதை வெட்டிவிடும். நான் கேட்ட ‘டிக்’ அதுதான்.

ஆகவே பழுது பின்னேரம் மட்டும் வருகிறதா, நாள் முழுக்க இருக்கிறதா என்று இரண்டு நாள் கவனியுங்கள். நீட்டுவயரைக் கழற்றிச் சுவரிலேயே குத்திப் பாருங்கள். சொக்கெற் கறுத்திருக்கிறதா, பிளக் சுடுகிறதா, குத்தினால் ஆடுகிறதா என்று பாருங்கள். இங்கே பழைய வீடுகளில் வட்ட முள் சொக்கெற்றும் புதிய சாமான்களில் 13 அம்பியர் சதுர முள் பிளக்கும் இருக்கும். இரண்டுக்கும் நடுவில் ஒரு மலிவான அடாப்டரைச் செருகி அதன் மேல் பிரிட்ஜையும் கேத்திலையும் ஓட்டுவது, தீப்பெட்டியை அடுப்பங்கரையில் காயவைப்பது மாதிரி.

ட்ரிப் சுவிட்ச் விழுந்துகொண்டே இருந்தால் எல்லாப் பிளக்கையும் கழற்றுங்கள். சுவிட்சை ஏற்றிவிட்டு ஒவ்வொன்றாகக் குத்துங்கள். எதைக் குத்தும்போது விழுகிறதோ அதுதான் குற்றவாளி. ட்ரிப் விழாமல் இருக்க அதைச் சுற்றி நேர்க்கம்பி கொடுக்கிறேன் என்று யாராவது சொன்னால் அவரை அன்றோடு அனுப்பிவிடுங்கள். அது உயிரைக் காக்கும் சாமான்.

இன்னொன்று. வீட்டு பல்புகள் திடீரென வழக்கத்தை மீறிக் கண்ணைப் பறித்தால், அல்லது ஏறி ஏறி இறங்கினால், வெளியே நியூட்ரல் கம்பி (கரண்ட் திரும்பிப்போகும் கம்பி) விட்டுப்போயிருக்கலாம். உடனே மெயின் சுவிட்சை நிறுத்திவிட்டு மின்சார சபையின் 1987 இலக்கத்துக்கு அழையுங்கள். அதைத் திருத்துவது கடைக்காரரின் வேலை இல்லை.

எந்தப் பழுதுக்கு எந்தக் கை

வன்னியின் பெரும்பகுதியில் யுத்த காலத்தில் நெடுநாள் பொது மின்விநியோகம் இருக்கவில்லை. சைக்கிள் டைனமோவைச் சுழற்றி வானொலி கேட்ட காலம் அது. 2009க்குப் பிறகு, மீள்குடியேற்றத்தோடு கம்பி படிப்படியாகத்தான் வந்தது. அதனால் இங்கே திருத்துநர்களில் இரண்டு தலைமுறை உண்டு. மூத்தவர்கள் ஜெனரேற்றர், ரேடியோ, தண்ணீர் மோட்டர் என்று இல்லாத காலத்தில் இருப்பதைக் கொண்டு ஓட்டப் பழகியவர்கள். கம்பி சுற்றுவதிலும் இயந்திரப் பகுதியிலும் அவர்கள் கையை வெல்ல முடியாது. இளையவர்கள் பயிற்சி நிலையங்களில் படித்து வந்தவர்கள். கிளிநொச்சி அறிவியல் நகரில் இலங்கை ஜேர்மன் பயிற்சி நிறுவகம் இருக்கிறது. தேசிய தொழிற்தகைமைச் சான்றிதழோடு வருகிறவர்கள் பலர். இன்வேர்ட்டர் பிரிட்ஜ், கணினிப் பலகை உள்ள வாஷிங் மெஷின் என்றால் எனக்கு அவர்களிடம் கொடுக்கத்தான் தைரியம். சான்றிதழைச் சுவரில் மாட்டியிருந்தால் எந்தத் துறை, எந்த மட்டம் என்று வாசியுங்கள். வெல்டிங் சான்றிதழைக் காட்டி ஏசி திருத்துகிறவரும் இருக்கிறார்.

புதியவர்கள் செய்கிற பெரிய பிழை, ‘கரண்ட் வேலை’ எல்லாம் ஒன்று என்று நினைப்பது. மோட்டர் சுற்றும் கடை வேறு, தொலைக்காட்சிப் பலகை பார்ப்பவர் வேறு, பிரிட்ஜுக்குக் காஸ் அடிப்பவர் வேறு, வீட்டு வயரிங் செய்பவர் வேறு. “பிரிட்ஜும் பார்ப்பீர்களா?” என்று கேட்டால் யாரும் இல்லை என்று சொல்லமாட்டார்கள். “போன மாதம் எத்தனை பிரிட்ஜ் பார்த்தீர்கள்?” என்று கேட்டுப் பாருங்கள்.

வவுனியாவில் கடைகளும் உதிரிப்பாகமும் அதிகம். கிளிநொச்சியில் போதுமான அளவு உண்டு. புதுக்குடியிருப்பு, முல்லைத்தீவு, மாங்குளம், மல்லாவி, நெடுங்கேணிச் சந்திகளில் ஃபான், அயன், குக்கர், மோட்டர் அளவுக்கு ஆள் கிடைக்கும். கிளிநொச்சிக்கும் வவுனியாவுக்கும் இடையில் சுமார் 75 கிலோமீற்றர் இருக்கிறது என்பதை மறக்காதீர்கள். ஒரு ஃபானுக்காக யாரும் அவ்வளவு தூரம் போகமாட்டார்கள், போகவும் வேண்டாம்.

யாரிடம் விசாரிப்பது

அயலவரைத்தான் முதலில் கேட்கத் தோன்றும். அவர் தன் மைத்துனரின் பெயரைச் சொல்வார். மைத்துனர் நல்லவராகவும் இருக்கலாம். ஆனால் பிழைத்துப்போனால் வாய்திறக்க முடியாது, வேலி இரண்டு பேருக்கும் பொது.

நான் போவது கூல்பார் முதலாளியிடம். அவருடைய பிரிட்ஜ் ஒரு நாள் நின்றால் ஐஸ்கிரீம் முழுவதும் தண்ணீர். ஆகவே அவர் கைபேசியில் இருக்கும் இலக்கம் சும்மா இலக்கம் இல்லை. அதே மாதிரி, கடற்கரைப் பக்கம் மீன் வாடிக்காரர், ஊருக்குள் பால் சேகரிக்கும் இடத்தில் வேலை செய்கிறவர், வெதுப்பகக்காரர். வாஷிங் மெஷினுக்குச் சலவைக் கடை. தண்ணீர் மோட்டருக்கு மேட்டுநிலத்தில் மிளகாய், வெங்காயம் செய்கிற ஆள். சிறுபோக நேரத்தில் அவருக்கு மோட்டர்தான் பிள்ளை.

“யார் நல்லவர்?” என்று கேட்காதீர்கள், பதில் மரியாதைக்கு வரும். “கடைசியாக என்ன பழுது? யார் செய்தது? திரும்ப அதே பழுது வந்ததா? வந்தபோது அந்த ஆள் தொலைபேசி எடுத்தாரா?” இந்த நான்கையும் கேளுங்கள். நான்காவது கேள்விக்குக் கூல்பார்க்காரர் சிரித்தால் வேறு ஆளைத் தேடுங்கள்.

ஒலிபெருக்கி கட்டிய வாகனத்தில் வந்து காஸ் அடுப்பு, பிரஷர் குக்கர் திருத்தித் தருகிறவர்களும் உண்டு. குக்கருக்கு றப்பர் மாற்ற, பிடி போட அவர்களைக் கூப்பிடுவதில் தப்பில்லை. கடை எங்கே என்று சொல்ல முடியாதவரிடம் அதைவிடப் பெரிய சாமானைக் கொடுக்கக்கூடாது என்பது என் கட்சி.

சிறிய வேலையில் ஆளைப் பாருங்கள்

பெரிய சாமான் பழுதாகும்வரை காத்திருக்காதீர்கள். வந்த புதிதிலேயே ஒரு பழைய ஃபானைக் கொண்டுபோய்க் கொடுங்கள்.

மாங்குளத்தில் நான் அப்படிக் கொடுத்தது ஒரு மேசை ஃபான். சுவிட்சைப் போட்டால் உறுமும், சுற்றாது. அந்தக் கடைக்காரர் மின்சாரம் கொடுக்காமலே முதலில் விரலால் இதழைத் தட்டினார். அது சுகமாகச் சுற்றியது. “தண்டைத் தாங்கும் புஷ் இறுகவில்லை” என்றார். பிறகு சுவிட்சைப் போட்டு, உறுமும்போது ஒரு ஈர்க்கால் இதழை மெல்லத் தள்ளிவிட்டார், சுற்றத் தொடங்கியது. “கப்பாசிட்டர்.” திறந்து, பெருவிரல் அளவுள்ள அந்தப் பெட்டியைக் கழற்றி, அதன் மேல் எழுதியிருந்த எண்ணை எனக்குக் காட்டினார். அதே எண்ணுள்ள புதியதைப் போட்டார். பழையதை ஒரு கடதாசியில் சுற்றி என் கையில் தந்தார். நான் கேட்கவே இல்லை.

பழைய பாகத்தைக் கையில் தருவது சின்ன விஷயம் மாதிரித் தெரியும். மாற்றாத பாகத்தை மாற்றினேன் என்று சொல்ல முடியாதபடி செய்வது அதுதான். அந்த மாங்குளத்து அண்ணையிடம்தான் இன்றுவரை எங்கள் வீட்டு மோட்டரும் போகிறது.

அவர் சொல்வதை எப்படி நிறுத்துப் பார்ப்பது

பிரிட்ஜ் விஷயத்தில் நீங்கள் அதிகம் கேட்கப்போகும் வசனம் “காஸ் முடிந்துவிட்டது” என்பதுதான். ஒன்றை விளங்கிக்கொள்ளுங்கள்: பிரிட்ஜின் காஸ் மோட்டார் சைக்கிள் பெட்ரோல் போலத் தீர்ந்துபோகிற சாமான் இல்லை. மூடிய குழாய்க்குள் அது சுற்றிக்கொண்டே இருக்கும். குறைந்தால் எங்கோ ஒழுகுகிறது என்று பொருள். ஒழுக்கு எங்கே என்று தேடாமல் காஸ் மட்டும் அடித்துத் தருகிறவர் மூன்று மாதத்தில் உங்களை மறுபடி சந்திப்பார். “ஒழுக்கு எங்கே இருந்தது? அடைத்தீர்களா? அடைத்தபிறகு உள்ளே இருந்த காற்றை இழுத்து எடுத்தீர்களா?” என்று கேளுங்கள். வேலை தெரிந்தவர் இந்தக் கேள்விக்குக் கோபப்படமாட்டார். குழாயில் இடத்தைக் காட்டுவார்.

எந்தக் காஸ், எத்தனை கிராம் என்று பிரிட்ஜின் உள்ளேயோ பின்னாலோ ஒட்டியிருக்கும் தகட்டில் எழுதியிருக்கும். இப்போது வரும் பல பிரிட்ஜ்களில் இருப்பது ஆர் 600ஏ. அது எரியும் காஸ், தீச்சுவாலை அடையாளமும் ஒட்டியிருக்கும். சற்றுப் பழையவற்றில் ஆர் 134ஏ. ஒன்றுக்குப் பதில் மற்றதை அடிக்கக்கூடாது. ஆர் 600ஏ உள்ள பிரிட்ஜில் காஸை வெளியே விட்டு நன்றாகக் காற்றோட்டம் கொடுக்காமல் குழாயில் நெருப்பு வைத்து ஒட்டத் தொடங்குகிறவரை உங்கள் குசினிக்குள் விடாதீர்கள்.

காஸ் என்ற சொல் வருமுன் நீங்களே பார்க்கக்கூடியது ஒன்று: கதவு றப்பர். ஒரு கடதாசித் துண்டைக் கதவில் வைத்து மூடி இழுங்கள். தடையில்லாமல் வந்தால் குளிர் அந்த வழியால்தான் போகிறது. பின்பக்கத்து வலையில் செம்மண் தூசு கம்பளம் மாதிரிப் படிந்திருந்தால் பிளக்கைக் கழற்றித் தூரிகையால் தட்டுங்கள். கிரவல் வீதியோர வீடுகளில் அந்தத் தூசு மட்டுமே அரைவாசிப் பழுது.

வாஷிங் மெஷின் தண்ணீர் எடுக்க அரை மணி நேரம் ஆகிறதா? தண்ணீர்க் குழாய் மெஷினில் பூட்டும் இடத்தில் ஒரு சின்ன வலை இருக்கும். கிணற்று மணல் அதில் அடைந்திருக்கும், கழுவிவிட்டுப் பாருங்கள். இங்கே பல இடங்களில் கிணற்றுத் தண்ணீர் சுண்ணாம்புச் செறிவுள்ளது. கேத்திலின் அடியில் படியும் வெள்ளைப் பொருக்கு தேசிக்காய்ப் புளியைத் தண்ணீரில் விட்டுக் கொதிக்கவைத்தால் கழரும். அதற்கெல்லாம் காசு கொடுத்து ஆள் வேண்டாம்.

மோட்டர் ஓடுகிறது, தண்ணீர் வரவில்லை என்றால் ஆவணி, புரட்டாதியில் முதலில் கிணற்றை எட்டிப் பாருங்கள். நீர் இறங்கிக் குழாய் காற்றை உறிஞ்சும். அப்படியே ஓடவிட்டால் உள்ளிருக்கும் சீல் கருகி, சும்மா இருந்த பழுது உண்மையான பழுதாகும்.

ரைஸ் குக்கர் சிறிய சாமான், ஆனால் அதில்தான் மோசமான குறுக்குவழி நடக்கிறது. உள்ளே சூடு மீறினால் வெட்டிக்கொள்ளும் ஒரு சின்ன பியூஸ் உண்டு. அது போனால் அதே வகை பியூஸ்தான் போடவேண்டும். அது இல்லாமல் வெறும் கம்பியை முறுக்கிவிட்டால் குக்கர் உடனே வேலை செய்யும். காசும் குறைவாக எடுப்பார். ஒருநாள் தண்ணீர் இல்லாமல் சுவிட்ச் போட்டால் நிறுத்த ஒன்றும் இருக்காது. “பியூஸ் போட்டீர்களா, நேராகக் கொடுத்தீர்களா?” என்று கேட்டே வாங்குங்கள்.

கொண்டுபோவது, வரவழைப்பது

தூக்கக்கூடியதைக் கடைக்குக் கொண்டுபோங்கள். கடையில் நின்று பார்க்கலாம், பேச்சும் குறையும். பிரிட்ஜையும் வாஷிங் மெஷினையும் வீட்டில் பார்க்க வரச்சொல்லுங்கள். வந்துபோகும் கூலி எவ்வளவு, திருத்தினால் அதைக் கழிப்பாரா என்று தொலைபேசியிலேயே பேசுங்கள். வரவே முடியாது என்றால் பிரிட்ஜை நிமிர்த்தியபடியே ஏற்றுங்கள். படுக்கவைக்க நேர்ந்தால் இறக்கி நிமிர்த்திய பிறகு சில மணி நேரம் விட்டுத்தான் சுவிட்ச் போடவேண்டும். கொம்பிரசர் எண்ணெய் தன் இடத்துக்குத் திரும்ப வேண்டும்.

நேரமும் பாருங்கள். வைகாசியில் வற்றாப்பளை அம்மன் கோயில் பொங்கல் நாட்களில் முல்லைத்தீவுப் பக்கம் நீங்கள் தேடும் ஆள் கடையில் இருக்கமாட்டார், கோயிலில் இருப்பார். வெயில் காலத்தில் மோட்டர் சுற்றும் கடைகளில் வரிசை நீளம்.

துண்டு

சாமானைக் கொடுக்கும்போது ஒரு துண்டு எழுதி வாங்குங்கள். திகதி, சாமானின் தொடர் இலக்கம், சொன்ன பழுது, கொடுத்த முற்பணம், எந்தத் தொகைக்கு மேல் போனால் உங்களிடம் கேட்கவேண்டும் என்பது. கடைசியானதுதான் முக்கியம். நீங்கள் ஒரு தொகை நினைத்திருக்க, அவர் “எல்லாம் செய்துவிட்டேன்” என்று மூன்று மடங்கு சொல்லும் சங்கடம் அதோடு ஒழியும். “எங்களுக்குள் என்ன துண்டு?” என்று அவர் கேட்டால், சிரித்துக்கொண்டே நீங்களே எழுதி அவரிடம் ஒரு கையெழுத்து வாங்குங்கள். கைபேசியில் ஒரு படமும் எடுத்து வையுங்கள்.

உத்தரவாதக் காலம் முடியாத சாமானை வெளியாள் தொடவே கூடாது. ஒட்டுத்தாள் கிழிந்தால் உரிமை போய்விடும். வாங்கிய காட்சியறைக்கே அழையுங்கள். தொழில்நுட்பவியலாளர் எந்த நாளில் உங்கள் பக்கம் வருவார் என்று கேட்டு எழுதுங்கள். சிறு ஊர்களுக்கு அவர்கள் பல வீடுகளைச் சேர்த்துத்தான் வருவார்கள், ஒரு கிழமை போகலாம். கொம்பிரசருக்கு 10 வருட உத்தரவாதம் என்று கொட்டை எழுத்தில் இருக்கும். அனேகமாக அது கொம்பிரசருக்கு மட்டும், காஸுக்கும் கூலிக்கும் ஏற்றியிறக்குவதற்கும் இல்லை. அட்டையின் பின்பக்கத்தைக் கடையில் நின்றே வாசியுங்கள்.

பிழைத்துப்போனால்

முதலில் அந்த ஆளிடமே போங்கள், துண்டோடும் பழைய பாகத்தோடும். அனேகமானவை அங்கேயே தீரும். சந்தியில் நான்கு பேர் பார்க்க யாரும் கெட்டபெயர் எடுக்க விரும்பமாட்டார்கள். தீராவிட்டால் பாவனையாளர் அலுவல்கள் அதிகார சபை இருக்கிறது, இலக்கம் 1977. 2003ஆம் ஆண்டின் 9ஆம் இலக்கச் சட்டத்தில் அமைந்தது அது. பற்றுச்சீட்டுக் கேட்டால் வியாபாரி தரவேண்டும் என்பதும் அந்தச் சட்டத்தில் உள்ளது. முறைப்பாட்டை எழுத்தில், மூன்று மாதத்துக்குள் கொடுக்கவேண்டும். கச்சேரியில் (மாவட்டச் செயலகத்தில்) விசாரித்தால் எங்கே கொடுப்பதென்று காட்டுவார்கள். சிறிய தொகை, இரண்டு பக்கமும் ஊர்க்காரர் என்றால் மத்தியஸ்த சபை இன்னும் சுலபம்.

வெள்ளம் வந்த வீட்டுக்கு

இதைச் சொல்லாமல் முடிக்க முடியாது. 2018 டிசம்பரில் இரணைமடுக் குளத்தின் வான்கதவுகள் திறக்கப்பட்டபோது கிளிநொச்சி, முல்லைத்தீவு மாவட்டங்களில் வீடுகளுக்குள் வெள்ளம் புகுந்தது. மாரி ஒவ்வொன்றும் அந்தப் பயத்தோடுதான் வருகிறது. தண்ணீர் தொட்ட சாமானை ‘வேலை செய்கிறதா’ என்று போட்டுப் பார்க்கிற ஆசைதான் மிஞ்சியதையும் எரிக்கிறது. மெயின் சுவிட்சை நிறுத்துங்கள். சொக்கெற்றுகள் நனைந்திருந்தால் வயரிங் செய்பவர் பார்க்கும்வரை போடாதீர்கள். சேறு காய முன் சுத்தமான தண்ணீரால் கழுவி, நிழலில் காற்றுப்பட வையுங்கள். அந்தக் கிழமைகளில் எல்லாக் கடை வாசலிலும் பிரிட்ஜும் தொலைக்காட்சியும் வரிசையில் நிற்கும். தெரியாத முகங்களும் “உடனே செய்து தருகிறேன்” என்று படலையடிக்கு வரும். உங்களுடைய ஆளை அழைத்து, எட்டு நாள் கழித்து வருகிறேன் என்றாலும் சரி என்று சொல்லுங்கள். சாமான் காய்வதற்கும் எப்படியும் அத்தனை நாள் வேண்டும்.